கண்ணுக்குத் தெரியாத ஏரிகள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் பொன்விழாச் சந்திப்பில், 1972–75 இயற்பியல் இளங்கலை அணியின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னோடு விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீ அறிவியல் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் உன் நேரம், ஞாபகம் வைச்சுக்கோ" என்றார். அவர் சொன்னதின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கண் அசருகிறவர்கள் தாராளமாக அசரலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நான் 34 வருஷம் தண்ணீரை அளக்கும் உத்தியோகம் பார்த்தவன். கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர், ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று அளந்து எழுதி மேலே அனுப்புவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கே தண்ணீர் என்று எழுதியிருந்தாலும் படிப்பேன். அப்படிப் படித்ததில் என்னை ரொம்ப நாளாகத் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயத்தை இன்று சொல்லப்போகிறேன். நான்கு கிலோமீட்டர் கனமுள்ள பனிக்குக் கீழே ஏரிகள் இருக்கின்றன. அவற்றை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனாலும் அந்த ஏரிகளில் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆகாயத்திலிருந்து கணக்கு எழுதி வருகிறார்கள். கையில் டேப்பும் நோட்டும் வைத்துக்கொண்டு அலைந்த எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலில், அங்கே ஏன் தண்ணீர் இருக்கிறது? அண்டார்டிகாவில் வாஸ்டாக் என்று ஒரு ரஷ்ய ஆய்வு நிலையம் உண்டு. 1983 ஜூலை 21-ஆம் தேதி அங்கே மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. தரையில் வைத்த வெப்பமானி இதைவிடக் குறைந்த வெப்பநிலையை எங்கும் காட்டியதில்லை. அந்த இடத்துக்கு நேர் கீழே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் 50 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது. கேட்டால் கதை போல இருக்கும். ஆனால் நாம் படித்த இயற்பியலுக்கு இதில் விரோதமாக ஒன்றும் இல்லை. பூமியின் உள்ளிருந்து எப்போதும் சிறிது வெப்பம் மேலே வந்துகொண்டிருக்கிறது. மேலே இருக்கிற பனி கனமான கம்பளி மாதிரி அந்த வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதோடு, நான்கு கிலோமீட்டர் பனியின் பாரம் அழுத்தும்போது உருகுநிலை மைனஸ் 3 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. அதனால் பனிப்பாளத்தின் அடி உருகுகிறது. உருகிய தண்ணீர் பள்ளம் பார்த்துத் தேங்குகிறது.

சரி, இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ரேடியோ அலை பனிக்குள் ஊடுருவிப் போகும். விமானத்திலிருந்து அலையைக் கீழே அனுப்பினால் பனியின் மேற்பரப்பிலிருந்து ஓர் எதிரொலி வரும், அடித்தரையிலிருந்து இன்னொன்று வரும். பனியில் ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடிக்குச் சுமார் 168 மீட்டர் போகிறது. நான்கு கிலோமீட்டர் இறங்கித் திரும்ப 48 மைக்ரோ வினாடி போதும். அடியில் பாறை இருந்தால் எதிரொலி மங்கலாகவும் கரடுமுரடாகவும் வரும். தண்ணீர் இருந்தால் பளிச்சென்று, மேஜையின் மேல்பலகை போலச் சமமாக வரும். அந்த வித்தியாசம்தான் துப்பு.

1967-லிருந்து 1979 வரை கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்காட் துருவ ஆராய்ச்சி நிலையத்தார், அமெரிக்க விமானங்களையும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரின் உதவியையும் கொண்டு அண்டார்டிகாவின் மேல் பறந்து பறந்து இந்த எதிரொலிகளைப் பதிவு செய்தார்கள். கணினியெல்லாம் இல்லை, சினிமாப் படச்சுருள் மாதிரியான பிலிமில்தான் பதிவு. நாம் இங்கே இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த 1973-இல், ஆஸ்வால்டு, ராபின் என்ற இருவர் அப்படிப்பட்ட 17 ஏரிகள் இருப்பதாக எழுதினார்கள். அந்தச் செய்தி நம் வகுப்புக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் நாம் மாட்டினி ஷோவுக்குத்தான் போயிருப்போம்.

வாஸ்டாக் ஏரியின் முழு உருவம் தெரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1959-லும் 1964-லும் கபித்சா என்ற ரஷ்ய அறிஞர் அந்த நிலையத்தில் பனியின் கனத்தை அறிய வெடி வைத்து அதிர்வுகளைப் பதிவு செய்திருந்தார். அந்தப் பழைய பதிவுகளையும், விமான ரேடார் பதிவுகளையும், ஐரோப்பியச் செயற்கைக்கோள் எடுத்த உயர அளவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து, 1996-இல் ஏரியின் பரிமாணத்தை உலகுக்கு அறிவித்தார்கள். விடை முப்பது வருஷமாகக் காகிதத்திலேயே இருந்திருக்கிறது. அதே ஆண்டு எடுத்த கணக்கில் அண்டார்டிகாவில் 77 ஏரிகள். 2022-இல் வெளிவந்த பட்டியலில் உலகம் முழுவதும் 773. அவற்றில் 675 அண்டார்டிகாவில், 64 கிரீன்லாந்தில்.

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் ஆய்வகத்துக்குப் போய் வருவோம். திருகு அளவியால் கம்பியின் விட்டத்தைப் பத்து இடத்தில் அளக்கச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாம் என்ன செய்தோம்? ஒரு இடத்தில் அளப்போம். மீதி ஒன்பதை, கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி மாற்றி, நாமே எழுதிவிடுவோம். ஐம்பது வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், இனிமேல் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாதே என்ற தைரியத்தில்! நம் பேராசிரியருக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு நாள் என் நோட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒரு ரீடிங்கைப் பத்துத் தடவை எழுதினா அது பத்து ரீடிங் ஆகாதுப்பா." அன்றைக்கு அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்.

பனிக்கடி ஏரிகளின் கதையில் அந்த வார்த்தைதான் திருப்பம். ஏரி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பறந்தால் தெரிந்துவிடும். அது என்ன செய்கிறது என்பது ஒரு தடவையில் தெரியாது. ஒரே ஒரு முறை எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு, இந்த ஏரிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சலனமில்லாமல் தேங்கி நிற்கின்றன என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

அந்த எண்ணத்தை 2006-இல் விங்ஹாம் என்பவரும் அவர் சகாக்களும் உடைத்தார்கள். கிழக்கு அண்டார்டிகாவின் மேல் ஐரோப்பியச் செயற்கைக்கோள் திரும்பத் திரும்பப் போய் எடுத்த உயர அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். 1996–98 காலத்தில் ஓர் இடத்தில் பனியின் மேற்பரப்பு சுமார் மூன்று மீட்டர் இறங்கியிருந்தது. 290 கிலோமீட்டர் தள்ளி வேறு இடங்களில் ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்தது. பொருள் என்ன? ஓர் ஏரியிலிருந்து தண்ணீர் பனிக்கு அடியிலேயே ஓடி, கீழ்ப்பக்கத்து ஏரிகளுக்குப் போயிருக்கிறது. 16 மாதத்தில் 1.8 கன கிலோமீட்டர். நம் கணக்கில் 63 டி.எம்.சி. ஏரி நிறைந்து கலுங்கு வழிந்து கீழ் ஏரிக்குப் போகிற கதை நமக்குப் புதிதில்லை. அது பனிக்கு அடியில், இருட்டில், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது என்பதுதான் புதிது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன உவமை. வீட்டில் குழந்தை தலைவரை போர்வையை இழுத்து மூடித் தூங்குகிறது. முகம் தெரியவில்லை. ஆனால் போர்வை ஏறி இறங்குகிறது. அம்மா தூரத்தில் நின்று அதைப் பார்த்தே நிம்மதியாகப் போய்விடுவாள். பனிப்பாளம்தான் போர்வை. ஏரி நிறையும்போது அது சில மீட்டர் உயரும். வடியும்போது இறங்கும். பார்க்கிறவர் ஒரு கணம் எட்டிப் பார்த்தால் போர்வைதான் தெரியும், மூச்சு தெரியாது. நின்று பார்க்க வேண்டும்.

அடுத்த வருஷமே, 2007-இல், ஹெலன் அமாண்டா ஃப்ரிக்கர் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் மேற்கு அண்டார்டிகாவில் இதையே லேசர் மூலம் காட்டினார்கள். நாசா 2003-இல் ஏவிய ஐஸ்சாட் என்ற செயற்கைக்கோள் லேசர் ஒளியைத் தரைக்கு அனுப்பி, அது திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து உயரத்தை அளந்தது. விலன்ஸ், மெர்சர் என்ற பனியாறுகளின் பகுதியில் மேற்பரப்பு பல இடங்களில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எங்கல்ஹார்ட் என்று பெயர் வைக்கப்பட்ட ஏரியின் மேல் 2003-க்கும் 2006-க்கும் இடையில் பனி ஒன்பது மீட்டர் வரை இறங்கிப் போயிற்று. வெளியேறிய தண்ணீர் சுமார் 2 கன கிலோமீட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இது 70 டி.எம்.சி. முக்கால் மேட்டூர் அணை காலியாகியிருக்கிறது, மேலே நின்றிருந்தால் காலுக்குக் கீழே ஒன்றும் தெரிந்திருக்காது.

மேற்பரப்பு இறங்கினால் அது தண்ணீரால்தான் என்று எப்படிச் சொல்லலாம், காற்று பனியைத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. முன் வரிசையில் இருக்கிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். காற்று பரவலாக வேலை செய்யும். ஏரியோ தன் எல்லைக்குள் மட்டும் கிண்ணம் போலக் குழியும். ஒன்று குழிந்த பிறகு தாழ்வான பக்கத்தில் இருக்கும் அடுத்தது உப்பும். 2018-இல் ஏவிய ஐஸ்சாட்-2 இன்னும் நுணுக்கமானது. ஆறு பச்சை லேசர்க் கற்றைகள், மூன்று ஜோடியாக. வினாடிக்குப் பத்தாயிரம் துடிப்புகள். 91 நாளுக்கு ஒரு முறை அதே பாதை. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு கற்றைகளுக்கு நடுவில் 90 மீட்டர் இடைவெளி. தரை சாய்ந்திருப்பதால் வந்த வித்தியாசமா, நிஜமாகவே உயரம் மாறியதா என்று பிரித்துச் சொல்ல அந்த இடைவெளி உதவுகிறது.

கையால் தொட்டுப் பார்த்த சாட்சியும் உண்டு. 2013 ஜனவரியில் அமெரிக்கக் குழு ஒன்று விலன்ஸ் ஏரியின் மேல் 800 மீட்டர் பனியைச் சுடுநீரால் துளைத்து இறங்கியது. செயற்கைக்கோள் சொன்ன இடத்தில் தண்ணீர் இருந்தது, ஆழம் இரண்டு மீட்டர்தான். சூரிய ஒளியே படாத அந்தத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 1,30,000 நுண்ணுயிரிச் செல்கள். ஆனால் துளைப்பது எல்லா இடத்திலும் நடக்கிற காரியம் இல்லை. 2012 டிசம்பரில் பிரிட்டிஷ் குழு ஒன்று எல்ஸ்வொர்த் என்ற ஏரிக்கு மூன்று கிலோமீட்டர் துளைக்க முயன்று, முடியாமல் கிறிஸ்துமஸ் சமயத்தில் கைவிட்டுத் திரும்பியது. நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கு ஆகாயத்துக் காவல்தான் வழி.

இவ்வளவும் எதற்கு? யாருக்கு என்ன லாபம்? என் மனைவியும் இதைத்தான் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் ஐஸ்லாந்து.

ஐஸ்லாந்து தீவில் வாட்னயோகுல் என்ற பெரிய பனிமூடி இருக்கிறது. அண்டார்டிகாவோடு ஒப்பிட்டால் சிறிசு. அதற்கு அடியில் எரிமலை, எரிமலையின் வாயில் கிரிம்ஸ்வாட்ன் என்ற ஏரி. 1996 செப்டம்பர் 30-ஆம் தேதி பக்கத்தில் பனிக்கு அடியிலேயே எரிமலை வெடித்தது. உருகிய தண்ணீரெல்லாம் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஏரியின் மேல் மிதக்கும் பனி நாளுக்கு நாள் உயர்வதை அளந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மட்டத்துக்கு மேல் போனால் தடுத்து நிற்கும் பனியைத் தண்ணீரே தூக்கிவிடும் என்பது பழைய வெள்ளங்களின் கணக்கிலிருந்து அவர்களுக்குத் தெரியும். ஐந்து வாரம் காத்திருந்தார்கள். நவம்பர் 5-ஆம் தேதி உடைத்துக்கொண்டது. இரண்டு நாளில் 3 கன கிலோமீட்டருக்கு மேல், அதாவது ஒரு முழு மேட்டூர் அணைக்கும் அதிகமாக, கடலுக்குப் போயிற்று. உச்சத்தில் வினாடிக்கு 45,000 கன மீட்டருக்குக் குறையாது என்று கணக்கு. சுமார் 16 லட்சம் கன அடி! ஒரு பாலம் முழுசாகப் போயிற்று, இன்னொரு நீளமான பாலத்தில் ஒரு பகுதி போயிற்று. வீடு அளவு பனிக்கட்டிகள் மணல்வெளியில் சிதறிக் கிடந்தன. முறுங்கிப்போன இரும்பு உத்திரங்களை இன்றும் சாலையோரம் ஞாபகச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஓர் உயிர் கூடப் போகவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். இப்போது அந்த ஏரியின் மேல் பனியிலேயே ஜி.பி.எஸ். கருவியை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் கூடுகிறதா என்று மின்கடத்தலை வைத்துப் பார்க்கிறார்கள். 2021 நவம்பர் கடைசியில் பனி இறங்கத் தொடங்கியதும் எச்சரிக்கை போயிற்று. டிசம்பர் முதல் வாரத்துக்குள் 70 மீட்டருக்கும் மேல் இறங்கி வெள்ளம் வந்து வடிந்தது. மேல் மட்டத்தைப் பார்த்தே கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அண்டார்டிகாவில் எச்சரிக்கை செய்ய ஊரும் இல்லை, பாலமும் இல்லை. அங்கே ஆபத்து வேறு மாதிரி. அடியில் தண்ணீர் ஓடினால் பனி வழுக்கும். பைர்ட் என்ற பெரிய பனியாற்றின் மேல்பகுதியில் இரண்டு ஏரிகள் 2005 டிசம்பரிலிருந்து 2007 பிப்ரவரி வரை வடிந்தன. அந்தக் காலத்தில் பனியாற்றின் வேகம் சுமார் பத்து சதவீதம் கூடியது, வடிந்து முடிந்ததும் தணிந்தது. அண்டார்டிகாவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். அது நாளைக்கே நடக்காது, பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதில் சின்னப் பங்கு எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதுதான் கடற்கரையில் குடியிருப்பவர்களின் கேள்வி. அந்தக் கணக்கைப் போடுகிற கணினி மாதிரிகள் பெரும்பாலானவற்றில் இந்த ஏரிகள் நிறைந்து வடிவது இன்னும் சேரவில்லை. சேர்க்க வேண்டுமானால் அளவுகள் வேண்டும்.

பனிக்கு அடியில் ஓடும் தண்ணீர் எப்போதும் அடியோடு போகும் என்றும் நம்ப முடியாது. 2014-இல் வடக்குக் கிரீன்லாந்தில் ஓர் ஏரி, பத்து நாளில் ஒன்பது கோடி கன மீட்டர் தண்ணீரைக் கக்கியது. பனியில் 85 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. தண்ணீர் கீழ்ப்பக்கமாகப் போய், ஓரிடத்தில் பனியைப் பிளந்துகொண்டு மேலேயே பீறிட்டு வந்தது. இப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பழைய செயற்கைக்கோள் பதிவுகளைத் தோண்டி எடுத்து 2025-இல்தான் இதை வெளியிட்டார்கள்.

இப்போது என் மனதை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். முதல் ஐஸ்சாட்டில் மூன்று லேசர்கள். முதல் லேசர் ஐந்து வாரத்திலேயே அணைந்துவிட்டது. மீதியையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் போல எரிய விட்டார்கள். மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துச் சாப்பிடுகிற மாதிரி 2009 வரை ஓட்டினார்கள். அடுத்த ஐஸ்சாட் 2018-இல்தான் போயிற்று. நடுவில் ஒன்பது வருஷம். நல்லவேளையாக 2010-இல் ஐரோப்பியர்கள் கிரையோசாட்-2 என்ற ரேடார் செயற்கைக்கோளை ஏவினார்கள். அதற்கு முன் 2005-இல் ஏவிய முதல் கிரையோசாட் விண்ணுக்குப் போகாமலே விழுந்துவிட்டது. அவர்கள் மனம் தளர்ந்து விட்டிருந்தால் அந்த ஒன்பது வருஷத்தின் பெரும்பகுதி ஏரிகளின் நோட்டில் வெற்றுத்தாள்தான். விடவில்லை. அந்தக் கிரையோசாட்டின் பத்து வருஷ அளவுகளை வைத்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் தலைமையிலான குழு 2025 செப்டம்பரில் அண்டார்டிகாவில் நிறைந்து வடியும் ஏரிகள் இன்னும் 85 இருப்பதாக அறிவித்தது. அதுவரை தெரிந்தவை 146. இப்போது 231. 2025 ஜூலை 30-ஆம் தேதி நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளும் 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் வந்து பனியின் அசைவையும் பார்க்கும்படி அமைந்தது. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று சந்தோஷப்படலாம்.

நாம் கல்லூரியில் இருந்தபோது எடுத்த அந்தப் பிலிம் சுருள்கள் என்ன ஆயின தெரியுமா? யாரோ புண்ணியவான்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து எடுத்த பதிவு. அவற்றைக் கணினிக்கு ஏற்றி 2019-இல் வெளியிட்டார்கள். புதிய அளவுகளோடு ஒப்பிட்டபோது, த்வெய்ட்ஸ் பனியாற்றின் கிழக்கு முகப்பில் மிதக்கும் பனி 1978-க்கும் 2009-க்கும் இடையில் 10-லிருந்து 33 சதவீதம் வரை மெலிந்திருப்பது தெரிந்தது. பழைய அளவு இல்லாவிட்டால் "மெலிந்தது" என்ற வார்த்தைக்கே இடமில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வருவார். 1984-இல் கொங்குப் பகுதியில் ஒரு வறண்ட கிராமத்தில் எங்களுக்கு ஒரு அளவுக் கிணறு இருந்தது. அந்தப் பெரியவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் டேப்பை இறக்கித் தண்ணீர் மட்டத்தை நோட்டில் எழுதி வைப்பார். சொற்பச் சம்பளம். நான் போய் நாலு வருஷ நோட்டைப் புரட்டினேன். மழைக்கு ஏறும், கோடைக்கு இறங்கும், பிறகு அதே மட்டம். "என்னங்க ஐயா, மாற்றமே இல்லையே, இதை எதுக்கு அளக்கணும்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மாறலீங்கறதும் ஒரு கணக்குத்தானுங்களே சார்." நான் சிரித்துக்கொண்டே, இந்தக் கிணற்றை விட்டுவிடலாம் என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். செலவு மிச்சம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

1990-இல் அந்த ஊர்க்காரர்கள் மனுவோடு வந்தார்கள். கிணறுகள் வற்றிவிட்டன. பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்ட பிறகுதான் மட்டம் இறங்கியது என்பது அவர்கள் கட்சி. மழை இல்லாததால் இறங்கியது என்பது எதிர்க் கட்சி. எப்போது இறங்க ஆரம்பித்தது என்று நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். நோட்டு எங்கே? 1984 வரை இருக்கிறது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒன்றும் இல்லை. கோப்பு என் மேஜைக்குத்தான் வந்தது. நிறுத்தச் சொன்ன குறிப்பில் என் கையெழுத்து. அவர்கள் சொன்னது நியாயமா இல்லையா என்பதை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆதாரம் இல்லை என்று மனு தள்ளுபடியாயிற்று. அந்தப் பெரியவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

ஏரிக்கு மேலே நான்கு கிலோமீட்டர் பனி இருந்தால்கூட அதன் மூச்சைக் கண்டுபிடித்துவிடலாம். போன வருஷத்து அளவை இந்த வருஷம் போய் எடுக்க முடியாது. எந்தக் கருவியாலும் முடியாது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். நம் விடுதிக்குப் பின்னால் இருக்கும் பெரிய கிணறு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சிலர் அதில் நீச்சல் கற்றுக்கொண்டதும், விடுதிக் காப்பாளர் கம்போடு வந்ததும் ஞாபகம் இருக்கும். காலையில் போய்ப் பார்த்தேன். இரும்பு வலை போட்டு மூடியிருக்கிறார்கள், நல்ல காரியம். கீழே தண்ணீர் இருக்கிறது. அதன் மட்டத்தை வாரம் ஒரு முறை இயற்பியல் துறை மாணவர்கள் அளந்து ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பக்கத்தில் ஒரு மழைமானியும் வைக்க வேண்டும். டேப், மழைமானி, நோட்டுச் செலவை எங்கள் அணி ஏற்றுக்கொள்கிறது. முதல் நோட்டு இதோ என் கையில் இருக்கிறது. காலையில் நானே டேப்பை இறக்கி முதல் அளவை எழுதிவிட்டேன். ஒரு தடவைதான் அளந்தேன், அதை ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன்! முதல்வர் அவர்கள் இதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நாலு வாரம் கழித்து மட்டம் மாறவே இல்லையே என்று உங்களுக்குச் சலிப்பு வரும். வந்தால் "மாறவில்லை" என்று எழுதுங்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போய் அளங்கள்.